4000 தாண்டினா வண்டி இழுக்கல: 1991 எம்எக்ஸ்-5, 1.6

மடக்குக்கூரை91 எழுதியது:

வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1991 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், மேனுவல் கியர். பதினோரு வருஷமா நானே ஆயில் மாத்தி, நானே பிரேக் பார்த்து வச்சிருக்கிற வண்டி. நிமிஷத்துக்கு 7000 சுத்து (ஆர்.பி.எம்.) வரைக்கும் தயங்காம ஏறின இஞ்சின், இப்போ 4000 தாண்டினா பின்னாடி கயிறு கட்டிப் பிடிச்ச மாதிரி நிக்குது. மிதிக்க மிதிக்க சத்தம்தான் கூடுது, வேகம் கூடல.

குளிர்ந்த இஞ்சின்ல முதல் பத்து நிமிஷம் ஓரளவு பரவாயில்ல. சூடேறினதும் மோசம். மூணாவது கியர்லயே ஏறின மேட்டுக்கு இப்போ ரெண்டாவது போட வேண்டியிருக்கு. ஆனா ஐடிலிங் (பெடலைத் தொடாம இஞ்சின் சும்மா ஓடுறது) 850ல ஆடாம நிக்குது.

பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதுசு. பிளக் வயரும் புதுசுதான். கொஞ்ச நாளா மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது) இருந்தது, வயர் மாத்தினதும் நின்னுடுச்சு. ஸ்பார்க் டைமிங் 10 டிகிரி, சரியா இருக்கு. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அமுங்குற காத்தோட அழுத்தம்) நாலு சிலிண்டர்லயும் 168லிருந்து 173 பி.எஸ்.ஐ. ஒரு ஒர்க்‌ஷாப்ல இஞ்சினை இறக்கிப் பிரிக்கணும்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு வரல. வேற எங்க பார்க்கலாம்?

நீலப்பொறி எழுதியது:

கம்ப்ரெஷன் அப்படி இருக்கும்போது இஞ்சினைப் பிரிக்க விடாதீங்க. நாலும் அஞ்சு பி.எஸ்.ஐ.க்குள்ள இருக்கு, அது ஆரோக்கியமான இஞ்சின்.

முதல்ல ஒருத்தரை உட்கார வச்சு பெடலை முழுசா மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் (இஞ்சினுக்குக் காத்து விடுற கதவு) முழுசா திறக்குதான்னு கண்ணால பாருங்க. கேபிள் தொய்ஞ்சிருந்தாலும் இழுவை குறையும். அடுத்து பெட்ரோல் பிரஷர். பிரஷரைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரோட வேக்கம் (உறிஞ்சல்) ஹோஸைக் கழட்டிட்டா இந்த வண்டியில 38லிருந்து 46 பி.எஸ்.ஐ. காட்டணும். நிறுத்தி வச்சு அளந்தா மட்டும் பத்தாது. கேஜை கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, பக்கத்துல ஒருத்தரைப் பார்க்க வச்சு மேட்டுல முழு பெடல் கொடுங்க. பம்ப் சோர்ந்து போயிருந்தா அங்கதான் முள் இறங்கும்.

மடக்குக்கூரை91 எழுதியது:

பார்த்துட்டேன். த்ராட்டில் முழுசா திறக்குது. மேட்டுல பிரஷர் 41ஐ விட்டு இறங்கவே இல்ல. பெட்ரோல் போகுது, ஸ்பார்க் வருது, ஆனா இழுவை மட்டும் இல்ல.

பழைய ஸ்பானர் எழுதியது:

தம்பி, உள்ளே போறதை எல்லாம் பார்த்துட்டீங்க. வெளியே போறதைப் பார்க்கல. மிஸ்ஃபயரோட எவ்வளவு நாள் ஓட்டினீங்க? புகைக்குழாய்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன்.

எரியாத பெட்ரோல் சிலிண்டரைத் தாண்டி கன்வர்ட்டருக்குள்ள போய் எரியும். அந்தச் சூட்டுல செராமிக் தேன்கூடு உருகி ஒட்டிக்கும். ஐடிலிங்ல புகை கொஞ்சம்தான், மிச்சமிருக்கிற ஓட்டை வழியா போயிடும். 4000ல அதே ஓட்டை பத்தாது. போக வழியில்லாத புகை சிலிண்டர்லயே தங்கிடும். புதுக் காத்து நுழைய இடம் இருக்காது. வண்டிக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான்.

நினைப்பை நம்பி பார்ட் வாங்காதீங்க, அளந்து பாருங்க. சிலிண்டருக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுல வேக்கம் கேஜ் மாட்டி, இஞ்சின் சூடானதும் 3000ல ஒரே சீரா பிடிங்க. நல்ல வண்டியில முள் சட்டுன்னு ஆடிட்டு ஐடிலிங் அளவுக்கே திரும்பி நிக்கும். அடைப்பு இருந்தா மெல்ல மெல்ல இறங்கிக்கிட்டே போகும். அப்புறம் இஞ்சின் ஆறினதும் கன்வர்ட்டருக்கு முன்னாடி இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டி, அந்த 18 மி.மீ. மரையில பிரஷர் கேஜ் போடுங்க. 2500ல 3 பி.எஸ்.ஐ.க்கு மேல வந்தா சந்தேகமே வேண்டாம். சென்சாரைக் கழட்டிட்டு ரோட்டுல ஓட்டிப் பார்க்கிறவங்க உண்டு, நான் சொல்ல மாட்டேன். அந்தத் துவாரத்துல வர்ற சூடு பக்கத்து வயரிங்கை உருக்கிடும்.

மடக்குக்கூரை91 எழுதியது:

அண்ணா, நீங்க சொன்னதுதான். ஐடிலிங்ல வேக்கம் 19 அங்குலம் (பாதரச அளவு). 3000ல பிடிச்சதும் 18. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், 17, 15, ஒரு நிமிஷத்துக்குள்ள 11. பெடல்ல வச்ச கால் அசையவே இல்ல. ரெண்டு தடவை திரும்பச் செஞ்சேன், அதே மாதிரி இறங்குச்சு. சென்சார் துவாரத்துல 2500ல 6 பி.எஸ்.ஐ.

போல்ட் துருப்பிடிச்சு இறுகிப்போய் கழட்டவே அரைநாள் ஆச்சு. எடுத்து ஆட்டினா உள்ளே கடகடன்னு சத்தம். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஓரத்துல மட்டும் சின்னச் சின்னக் கட்டம் தெரியுது, நடுவுல வெல்லப்பாகு ஊத்தி ஆறவச்ச மாதிரி பளபளன்னு ஒரே கட்டி.

மிஸ்ஃபயரோட ரெண்டு மாசம் ஓட்டியிருக்கேன். வயர்தானே, அப்புறம் பார்க்கலாம்னு விட்டது என் தப்பு.

பழைய ஸ்பானர் எழுதியது:

புதுசு மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. உடைஞ்ச துண்டு பின்னாடி சைலன்சருக்குள்ள போயிருக்கலாம். ரப்பர் சுத்தியலால தட்டிப் பாருங்க. அடுத்து காயில், அதாவது பிளக்குக்குப் பொறி மின்சாரம் கொடுக்கிறது. இந்த இஞ்சின்ல ஒரே காயில் 1, 4 சிலிண்டருக்கும், இன்னொண்ணு 2, 3 சிலிண்டருக்கும் பொறி கொடுக்குது. வயர்ல கோளாறு இருந்தப்போ காயிலும் கஷ்டப்பட்டிருக்கும். காயில் சரியில்லன்னா புதுக் கன்வர்ட்டரும் இதே கதிதான்.

மடக்குக்கூரை91 எழுதியது:

காயில் ரெண்டும் மீட்டர்ல ஒரே அளவு காட்டுது. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு வயர் மேல தண்ணி தெளிச்சும் பார்த்தேன், எங்கயும் பொறி கசியல. சைலன்சர்லருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு மூணு துண்டு வந்தது. புதுக் கன்வர்ட்டர் மாட்டி அளந்தா 2500ல அரை பி.எஸ்.ஐ. கூட இல்ல.

நேத்து அதே மேடு. மூணாவது கியர்லயே 6800 வரைக்கும் ஏறிடுச்சு. கயிறை யாரோ அவிழ்த்து விட்ட மாதிரி இருந்தது. மேல போய் வண்டியை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.