ஃபுன்சா லுஷாகா உதவித்தொகையா, வங்கிக் கடனா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மகள் இந்த ஆண்டு மெட்ரிக் (பள்ளி இறுதி, 12ஆம் வகுப்பு). கணித ஆசிரியை ஆகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறாள். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்; ஆசிரியர் படிப்பு பைன்டவுன் எட்ஜ்வுட் வளாகத்தில்.

என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டைத் தாண்டக்கூடாது. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து கொஞ்சம் தாண்டுகிறது. அந்தக் கொஞ்சத்தில் கட்டணம் கட்ட முடியுமா என்பது வேறு கதை!

ஆசிரியர் படிப்புக்கான அரசு உதவித்தொகையான ஃபுன்சா லுஷாகா கணிதம் போன்ற பாடங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் எத்தனை ஆண்டு பணம் பெறுகிறாளோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும், தவறினால் கடனாகிவிடும். வங்கிக் கடன் என்றால், அவள் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை ஜாமீன் கையெழுத்திட்ட நான் கட்ட வேண்டும். அசல் பிறகு.

உங்கள் பிள்ளைகள் யாராவது ஃபுன்சா லுஷாகாவில் படித்தார்களா? வேலை டர்பன் பக்கமே கிடைத்ததா, தொலைதூரக் கிராமத்திலா? என் கணவர் இதற்குத்தான் தயங்குகிறார். எனக்குத் தயக்கமில்லை, கப்பலேறி வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்.

இன்னொன்று: தினமும் டாக்ஸியில் (பலர் சேர்ந்து போகும் வேன்) போய்வருவது மலிவா, பைன்டவுனில் அறை எடுப்பதா? வாடகை, சாப்பாடு, புத்தகம் என்று மாதக் கணக்கு எழுதி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.