ஸ்விஃப்டுக்கு 8 கிலோ ஸ்பிரிங் போட்டும் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது. 10 கிலோவுக்குப் போகலாமா?

புதுத்தடம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2018 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. பின்னிருக்கை, கார்ப்பெட் எல்லாவற்றையும் கழற்றி, உள்ளே கூண்டு அடித்து, டிராக்குக்கென்றே வைத்திருக்கிறேன். சாலையில் ஓட்டுவதில்லை, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு டிரெய்லரில்தான் போகும், வரும்.

சென்ற ஆண்டு உயரம் மாற்றக்கூடிய காயில் ஓவர் செட் (ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பரும்) ஒன்று வாங்கினேன். முன்னே 8 கிலோ, பின்னே 6 கிலோ (கிலோ/மி.மீ., அதாவது ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான பாரம்). டயர் 195 மி.மீ. அகல செமி ஸ்லிக் (வெட்டுகள் குறைந்த டிராக் டயர்). விற்றவர் "இதுதான் ரேஸ் செட்டிங்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். பழைய ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டால் வண்டி சாய்வது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டு தொல்லைகள்.

நேர்பாதை முடிந்து முதல் வளைவுக்குள் பிரேக்கை விட்டபடி திரும்பும்போது, தொடக்கத்தில் அழகாகத் திரும்புகிறது. வளைவின் நடுவில் திடீரென்று முன்பக்கம் கைவிட்டுவிடுகிறது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்குகிறது. கெர்பில் (டிராக் ஓரத்து மேட்டில்) ஏறினாலோ முயல் மாதிரி குதிக்கிறது; அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்சக்கரம் சும்மா சுழல்கிறது.

முன்னே 10 கிலோ போட்டால் சரியாகுமா? ஒரு ஜோடி ஸ்பிரிங் வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கிவிட்டுப் புலம்ப வேண்டாமே என்றுதான் முதலில் கேட்கிறேன்.

வேகப்பித்தன்

தயங்காமல் 10 போடுங்கள். முன்பக்கம் சாய்வதால்தான் டயர் விளிம்பில் நிற்கிறது. ரேஸ் வண்டிகளில் 12, 14 என்றெல்லாம் போடுகிறார்கள். 8 என்பது சாலை வண்டிக்கான அளவு.

பட்டறைக்காரன்

தம்பி, பணத்தை அப்படியே பையில் வைத்திருங்கள்.

"தொடக்கத்தில் நன்றாகத் திரும்புகிறது, நடுவில் திடீரென்று கைவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் "திடீரென்று" தான் எனக்கு உறுத்துகிறது. ஸ்பிரிங் விறைப்பு பொருந்தவில்லையென்றால் வளைவின் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். நடுவழியில் குணம் மாறுகிறதென்றால், அந்த இடத்தில் ஏதோ ஒன்று எதிலோ இடிக்கிறது. என் சந்தேகம் பம்ப் ஸ்டாப் மேல், அதாவது சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர் மேல்.

வண்டியை எவ்வளவு தாழ்த்தியிருக்கிறீர்கள்? டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாது என்று நினைக்கிறேன். சரியா?

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். முன் ஸ்ட்ரட்டின் (டேம்பர் இருக்கும் தூணின்) தூசி உறையைக் கழற்றுங்கள். பளபளக்கும் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, கீழே டேம்பர் உடலின் வாய் வரை தள்ளி வையுங்கள். ஐந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சஸ்பென்ஷன் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் அது நிற்கும். பம்ப் ஸ்டாப் ரப்பரின் அடியில் போய் அப்பிக்கொண்டு நின்றால், உங்கள் ஸ்பிரிங் 8 கிலோவா 10 கிலோவா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அந்தக் கணத்தில் உங்கள் ஸ்பிரிங் ரப்பர்தான்.

இன்னொன்று: நீங்கள் உட்கார்ந்து, பெட்ரோலோடு வண்டி தரையில் நிற்கும்போது, டேம்பர் வாயிலிருந்து ரப்பர் வரை எத்தனை மி.மீ. இடைவெளி என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள்.

புதுத்தடம்

அண்ணா, இரண்டு விரல் இல்லை, ஒன்றரை.

ஞாயிறன்று சோதித்தேன். ஐந்து சுற்றுகூடத் தேவைப்படவில்லை. இரண்டாவது சுற்றிலேயே இரண்டு பக்கமும் டை ரப்பரோடு ஒட்டிக்கொண்டது. இடது பக்க டை ரப்பருக்குள் புதைந்து, எடுக்கக் குறடு வேண்டியிருந்தது. நிற்கும்போது இடைவெளி 18 மி.மீ.

கூடவே வழியில் லாரி எடைமேடையில் நிறுத்தினேன். நானும் வண்டியுமாக 930 கிலோ. முன்சக்கரங்களை மட்டும் ஏற்றினால் 580.

அதிர்வெண்

எடைமேடைக்குப் போனது மிக நல்ல வேலை. பலரும் அதைச் செய்யாமலே ஸ்பிரிங் எண்ணை விவாதிக்கிறார்கள். இனி கணக்குப் போடலாம்.

முதலில் அந்த 18 மி.மீ. வீல்பேஸ் 2450 மி.மீ., எடைமையம் தரையிலிருந்து சுமார் 500 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) அளவுக்குப் பிரேக் பிடித்தால் பின்னிருந்து முன்னே 930 × 500 ÷ 2450, அதாவது ஏறத்தாழ 190 கிலோ நகரும். ஒரு முன்சக்கரத்துக்கு 95 கிலோ. உங்கள் 8 கிலோ ஸ்பிரிங்கில் அது மட்டுமே 13 மி.மீ. அமுக்கிவிடும். பிரேக்கை விட்டபடி திரும்புகிறீர்கள். மீதியிருப்பது 5 மி.மீ. வண்டி கொஞ்சம் சாய்ந்தாலே அது தீர்ந்துவிடும். அப்புறம் வெளிப்பக்க முன்சக்கரம் ரப்பரின் மேல் உட்கார்கிறது, முன்பக்கத்தின் விறைப்பு ஒரே நொடியில் பல மடங்காகிறது, நகரும் பாரம் முழுவதும் அந்த ஒற்றை டயரின் தலையில் விழுகிறது. டயரின் பிடி பாரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. அதனால்தான் வழுக்குகிறது. 10 கிலோ போட்டாலும் 2, 3 மி.மீ.தான் மிச்சமாகும்.

இனி ஸ்பிரிங். 8, 10, 12 என்ற எண்ணை மட்டும் வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிட முடியாது. ஸ்பிரிங் நேரடியாகச் சக்கரத்தின் மேல் நிற்பதில்லை. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கினால், நெம்பு விகிதம் 0.7. அதை வர்க்கப்படுத்தி ஸ்பிரிங் எண்ணோடு பெருக்கினால்தான் சக்கரம் உணரும் விறைப்பு கிடைக்கும். சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்க இரண்டு விஷ்போன் கைகள் போட்ட சில ரேஸ் வண்டிகளில் 12 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 5 கிலோவாகத்தான் தெரியும். உங்கள் முன் ஸ்ட்ரட்டில் விகிதம் 0.95 அளவில் இருக்கும். வாங்கிய எண்ணில் பத்து சதவீதம்தான் குறையும். பின்பக்க டார்ஷன் பீமில் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகக்கூடிய தண்டில்) ஸ்பிரிங் அச்சுக்கு முன்னே தள்ளி இருப்பதால் அதை நீங்களே அளக்க வேண்டும். பின்சக்கரம் இரண்டையும் சேர்த்து 40 மி.மீ. உயர்த்தி, ஸ்பிரிங் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள்.

புதுத்தடம்

அளந்துவிட்டேன். 40-க்கு 30. ஆக 0.75.

அதிர்வெண்

அருமை. சக்கரம், பிரேக், ஹப் போன்ற ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையைக் கழிக்க வேண்டும்; முன்னே ஒரு பக்கத்துக்கு 35 கிலோ, பின்னே 28 என்று தோராயமாக எடுக்கிறேன். முன்மூலை 255 கிலோ, பின்மூலை 147 கிலோ.

சூத்திரம் எளிது: சக்கர விறைப்பை (ஒரு கிலோ/மி.மீ. என்பது மீட்டருக்கு 9810 நியூட்டன்) அந்த மூலையின் எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுத்தால் அதிர்வெண், ஹெர்ட்ஸ் கணக்கில்; அதாவது அந்த மூலை நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது. கூடக் கூட விறைப்பு.

முன்னே 8 கிலோ: 2.65 ஹெர்ட்ஸ்.
பின்னே 6 கிலோ: 2.39 ஹெர்ட்ஸ்.

சாலை வண்டிகள் 1 முதல் 1.5 வரை. செமி ஸ்லிக் போட்டு, இறக்கை எதுவும் இல்லாமல் டிராக்கில் ஓடும் வண்டிக்கு 2 முதல் 2.5 வரை போதும். 3-க்கு மேலே போவது இறக்கையில் காற்று கீழே அழுத்துவதை நம்பி ஓடும் வண்டிகளுக்கு. அவை தரையிலிருந்து மாறாத உயரத்தில் ஓடியாக வேண்டும்; வேறு வழியில்லை.

உங்கள் வண்டியில் முன்பக்கம்தான் பின்பக்கத்தைவிட விறைப்பாக இருக்கிறது. முன்சக்கர இழுவை வண்டிக்கு இது தலைகீழ். எண்ணைப் பார்த்தால் 8-க்கு 6, "முன்னே கனம், அதனால் முன்னே விறைப்பு" என்று நியாயமாகத்தான் தெரியும். கணக்கில் போட்டால் மனம் மாறுகிறது.

முன்னே 2.1, பின்னே 2.4 வைக்க நினைத்தால் முன்ஸ்பிரிங் 5 கிலோ, பின்ஸ்பிரிங் 6 கிலோ. பின்ஸ்பிரிங் ஏற்கெனவே சரியாக இருக்கிறது!

வேகப்பித்தன்

முன்னே 8-இலிருந்து 5-ஆ? வண்டி படகு மாதிரி சாயும். நான் 10-இல் ஓட்டியிருக்கிறேன், கச்சிதமாக இருந்தது.

அதிர்வெண்

கச்சிதமாக உணர்வதும் வேகமாக ஓடுவதும் ஒன்றல்ல. விறைப்பான வண்டி ஸ்டீயரிங்குக்கு உடனே பதில் சொல்லும். அதனால் வேகமாகப் போவதுபோல் இருக்கும். கடிகாரத்தைப் பாருங்கள். சாய்வைத்தான் குறைக்க வேண்டுமென்றால் பின்பக்கம் தடித்த ஸ்டெபிலைசர் பார் (இட, வல சக்கரங்களை இணைத்துச் சாய்வை எதிர்க்கும் கம்பி) போடுவது முன்சக்கர இழுவை வண்டிக்கு நல்ல வழி. பீம் முறுகுவதே ஓரளவு அந்த வேலையைச் செய்கிறது.

பட்டறைக்காரன்

கணக்கு சரி. ஆனால் 5 கிலோவுக்கு நான் இறங்க மாட்டேன். அதே பிரேக்கில் முன்பக்கம் 13 மி.மீ.க்குப் பதில் 21 மி.மீ. அமுங்கும். இந்த செட்டின் டேம்பரில் மொத்த நீளமே குறைவு. அந்த அளவுக்கு இடம் கிடைக்குமா என்பது சந்தேகம். 6 போட்டால் 2.3 ஹெர்ட்ஸ், பிரேக்கில் 17, 18 மி.மீ. பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். டேம்பரும் 8-க்கென்று வால்வு வைத்தது. 6-க்குத் தேவையான தணிப்பு 13 சதவீதம்தான் குறைவு, டேம்பர் திருகில் இரண்டு மூன்று கிளிக்கில் வந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். இப்போதைய 8 கிலோவிலேயே முன்பக்கத்தை 20 மி.மீ. உயர்த்தி ஒரு ஞாயிறு ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

உயர்த்தும்போது கவனம்: உங்கள் செட்டில் உயரம் மாற்ற இரண்டு இடம் இருக்கும். அடியில் உள்ள பிராக்கெட்டைத் திருகினால் வண்டி உயரும், ஆனால் டேம்பர் தண்டின் இடைவெளி அதே 18-தான். ஸ்பிரிங் உட்காரும் தட்டைத் திருகினால்தான் இடைவெளி கூடும். தட்டைத் திருகுங்கள். எத்தனையோ பேர் பிராக்கெட்டைத் திருகிவிட்டு "உயர்த்தியும் பயனில்லை" என்று என்னிடம் வந்திருக்கிறார்கள்.

உயர்த்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்ட்ரட் வண்டியை அளவு மீறித் தாழ்த்தினால் கீழ்க்கை (சக்கரத்தை அடியில் பிடிக்கும் கை) சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரியும். சாய்வு மையம் (வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். தாழ்த்தத் தாழ்த்த வண்டி அதிகமாகச் சாய விரும்பும். பார்க்க அழகு, ஓட்டக் கேடு.

செப்பாங் மைவி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். என் பெரோடுவா மைவி காரிலும் இதே பின்பீம் அமைப்புதான். செப்பாங் டிராக்கில் மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டும் என்பதால் எங்களுக்கு விறைப்பின் விலை சீக்கிரமே தெரிந்துவிடும். ஈரத்தில் பிடி குறைவு, அதனால் பாரம் நகர்வதும் குறைவு. விறைத்த ஸ்பிரிங் அமுங்கவே செய்யாது, முன்டயர் வேலைக்கே வராது. நான் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரின் லிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவேன். ஐந்து நிமிட வேலை. சென்னையில் நவம்பரில் ஓட்டினால் உங்களுக்கும் உதவும்.

புதுத்தடம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டிரெய்லர் கிடைக்கவில்லை.

முதல் ஞாயிறு: 8 கிலோ ஸ்பிரிங், தட்டைத் திருகி 20 மி.மீ. உயர்த்தியது. வண்டி ஜீப் மாதிரி நிற்கிறது என்று நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் முதல் வளைவில் அந்தத் திடீர்க் கைவிடல் போயே போய்விட்டது. இன்னும் மெல்ல முன்பக்கம் வெளியே தள்ளுகிறது, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தள்ளுகிறது. கேபிள் டைக்கும் ரப்பருக்கும் நடுவில் 4 மி.மீ. மிச்சம். சுற்று நேரத்தில் 0.8 வினாடி குறைந்தது, ஒரு ரூபாய் செலவில்லாமல். கெர்பில் குதிப்பது மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாவது ஞாயிறு: முன்னே 6 கிலோ. தளர்வான ஸ்பிரிங் நின்ற இடத்திலேயே 11 மி.மீ. கூடுதலாக அமுங்கும் என்று கணக்குப் போட்டுத் தட்டை மேலும் அவ்வளவு திருகினேன். ரப்பரையும் கொஞ்சம் குட்டையானதாக மாற்றினேன். கெர்பில் இப்போது உருண்டு ஏறுகிறது. உள்சக்கரம் சுழல்வது பாதியாகக் குறைந்துவிட்டது. மேலும் 0.6 வினாடி.

வேகப்பித்தன் சொன்னதும் பொய்யில்லை: வண்டி முன்பைவிடச் சோம்பலாக உணர்கிறது. கடிகாரம் வேறு சொல்கிறது.

ஒரு சந்தேகம். வேகமான வளைவிலிருந்து திடீரென்று கால் எடுத்தால் இப்போது பின்பக்கம் கொஞ்சம் வெளியே வரப் பார்க்கிறது. பின்ஸ்பிரிங்கை 5 ஆக்கலாமா?

பட்டறைக்காரன்

மறுபடியும் ஸ்பிரிங்கா! 5 போட்டால் பின்பக்கம் 2.2-க்கு இறங்கி, முன்பக்கத்தைவிடத் தளர்ந்துவிடும். பழைய கதை திரும்பும். முதலில் பின்டேம்பரில் ரீபவுண்டை (அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது உள்ள தணிப்பை) இரண்டு கிளிக் குறையுங்கள். பின்டயர் காற்று என்ன, குளிர்ந்திருக்கும்போதும் ஓட்டி வந்த சூட்டிலும்?

புதுத்தடம்

குளிரில் 30 psi, சூட்டில் 38.

பட்டறைக்காரன்

குளிரில் 26 வைத்து ஓட்டிவிட்டு எழுதுங்கள்.