பயிற்சி மாணவர்களுக்கான கடற்படைச் சொற்கள்: எதை முதலில் கற்பது?

இளம்மாலுமி:
வணக்கம். கடற்படைப் பயிற்சி மாணவர் பிரிவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். வகுப்புகள் தொடங்கும் முன்பே சொற்களைப் படித்துவிடலாம் என்று திரட்டிய பட்டியலில் கட்டளைச் சொற்கள், கப்பலின் பாகங்கள், வானொலிச் சொற்கள், மாலுமிகளின் கொச்சை வழக்குகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எதை முதலில் மனத்தில் பதிக்க வேண்டும்? இடது, வலது என்று சொன்னால் போதாதா? கொச்சைச் சொற்களை மேலதிகாரிகள் முன்னிலையில் பேசலாமா?

ஓய்வுபெற்ற கடலோடி:
தம்பி, தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து விளையும் சொற்கள் எவையோ அவற்றை முதலில் படியுங்கள். அவற்றில் தலையானவை திசைச் சொற்கள். இடது, வலது என்பவை நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறீர்களோ அதற்கேற்ப மாறிவிடும். போர்ட் என்பதோ, கப்பலின் முன்முனையை நோக்கி நிற்பவரின் இடப்பக்கம். நீங்கள் பின்புறம் பார்த்து நின்றாலும் அது மாறாது. அதற்கு எதிரான வலப்பக்கம் ஸ்டார்போர்ட். இரவில் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கும் ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை விளக்கும் எரிய வேண்டும் என்பது கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் உள்ளது. முற்காலத்தில் இடப்பக்கத்தை லார்போர்ட் என்றார்கள். காற்றின் இரைச்சலில் அது ஸ்டார்போர்ட் போலவே காதில் விழுந்ததால், பிரிட்டன் கடற்படை 1844இல் அதைக் கைவிட்டது.

சுக்கான் கட்டளைகளில் இதைவிடப் பெரிய குழப்பம் இருந்தது. பழைய வழக்கில் கட்டளை, சுக்கானின் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதைக் குறித்தது. கைப்பிடி போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமே கப்பல் திரும்பும் என்பதால், ஸ்டார்போர்ட் என்று ஆணையிட்டால் கப்பல் போர்ட் பக்கம் திரும்பும். 1912இல் டைட்டானிக் கப்பலில் இடப்பக்கம் திருப்பும் நோக்கத்துடன் இடப்பட்ட ஆணையும் ஸ்டார்போர்ட் என்பதுதான். 1930களில்தான் பல நாடுகள் இதை மாற்றி, எந்தப் பக்கம் சொல்கிறோமோ அந்தப் பக்கமே கப்பல் திரும்பும் என்று வகுத்தன.

இன்று 'ஸ்டார்போர்ட் 15' என்று அதிகாரி சொன்னால், சுக்கான் பிடிப்பவர் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைச் சுழற்றுவார். சுக்கானின் கோணத்தைக் காட்டும் கருவியின் முள் 15 டிகிரியைத் தொட்டதும் அதையும் அறிவிப்பார். கேட்டது, செய்தது இரண்டையும் வாய்விட்டுச் சொல்லும் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

அளவுகளில் இப்போதைக்கு மூன்று போதும்: ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட், ஆழத்தைக் குறிக்கும் ஃபேதம் ஆறு அடி.

சமிக்ஞைப் பிரிவினர்:
மேலே சொன்னதோடு வானொலிச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ரோஜர்' என்றால் செய்தி முழுமையாகக் கிடைத்தது என்று மட்டுமே பொருள். சம்மதம் என்று பொருளில்லை. கேட்டபடி செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ' இருக்கிறது. 'ஓவர்' என்றால் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன், 'அவுட்' என்றால் உரையாடல் முடிந்தது. ஆகவே 'ஓவர் அண்ட் அவுட்' என்று சேர்த்துச் சொல்வது முரண்பாடு.

செய்தி சரியாகக் கேட்கவில்லையென்றால் 'ரிப்பீட்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பீரங்கிப் படையில் அது, சற்றுமுன் சுட்ட இலக்கின்மீது மீண்டும் சுடு என்னும் கட்டளை. 'சே அகெய்ன்' என்பதே முறையான சொல். ஏ, பி, சி என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று செல்லும் எழுத்து வரிசை 1956 முதல் வழக்கில் உள்ளது. அதை மனப்பாடமாகவே படிக்க வேண்டும். எண்களில் 5, 9 இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் 9ஐ 'நைனர்' என்று ஒலிக்கிறோம்.

இளம்மாலுமி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலில் 'எட்டு மணி' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அது காலை எட்டு மணியா? கொச்சைச் சொற்கள் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கடலோடி:
இல்லை, தம்பி. அது கடிகார நேரமன்று, மணியோசையின் எண்ணிக்கை. ஒரு குழு தொடர்ந்து பணியில் நிற்கும் நேரத்தைக் காவல் முறை என்போம்; பொதுவாக அது நான்கு மணி நேரம். அரை மணிக்கு ஓர் அடி கூடிக்கொண்டே போய், முறை முடியும்போது எட்டு அடி ஒலிக்கும். மாலை 4 முதல் 8 வரை உள்ள முறையை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்து 'டாக் வாட்ச்' என்பார்கள். இதனால் ஒரு நாளில் ஆறுக்குப் பதில் ஏழு முறைகள் வருகின்றன; நள்ளிரவுக் காவல் ஒரே குழுவின் தலையில் நாள்தோறும் விழாமல் மாறி மாறி வருகிறது.

கொச்சைச் சொற்களை இப்போது மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவை கடற்படைக்குக் கடற்படை மாறுபடும், கப்பலில் பழகப் பழகத் தாமாகவே வந்துவிடும். கழிப்பறைக்கு 'ஹெட்ஸ்', சமையலறைக்கு 'கேலி' போன்றவை கொச்சை அல்ல. அவற்றைத் தயங்காமல் பேசலாம். அதிகாரிகளுக்கு இட்ட பட்டப்பெயர்களில்தான் எச்சரிக்கை தேவை. பிரிட்டன் கடற்படையில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரியை மாலுமிகள் தங்களுக்குள் 'ஜிம்மி' என்பார்கள். கப்பல் தலைவர் அவரை 'நம்பர் ஒன்' என்று அழைக்கலாம். பயிற்சி மாணவருக்கு அவர் எப்போதும் 'சர்' அல்லது 'மேடம்'தான். காவல் பதிவேட்டில் எழுதும்போதும், நடந்ததை மேலதிகாரியிடம் அறிவிக்கும்போதும் முறையான சொல்லைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள்.