ஞாயிற்றுக்கிழமை கடை போடலாமா? (கிறிஸ்தவ நண்பர்களின் உரையாடல்; பேசுகிறவர்கள் ஊர்ப் பெயரில்)

முத்தியால்பேட்டை:
எங்கள் சபை அக்கா ஒருவர் புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில் துணிக்கடை போடுகிறார். மற்ற நாளில் வீட்டிலேயே தையல். சபைப் பெண்கள் கூடும் பெண்கள் ஐக்கியத்தில் இதுதான் இப்போது பேச்சு. பைபிளில் யாத்திராகமம் 20-இல் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்று இருக்கிறது. பிழைப்பைக் காரணம் காட்டினால் கட்டளைக்கு என்ன மதிப்பு?

மஞ்சக்குப்பம்:
பிரதர், அந்த ஏழாம் நாள் சனிக்கிழமை. ஞாயிறு சட்டப்படி ஓய்வுநாள் ஆனது கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணையால். அவரே நகரத்தாருக்குத்தான் விடுப்பு கொடுத்தார், விவசாயிகள் வேலை செய்யலாம் என்று விட்டுவிட்டார். அக்கா சனிக்கிழமை கடை போட்டால் சொல்லுங்கள், நானும் வந்து கேட்கிறேன்.

முத்தியால்பேட்டை:
கான்ஸ்டன்டைனுக்கு முன்பே ஞாயிறு கூடினார்கள். அப்போஸ்தலர் 20:7 பாருங்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டினும் எழுதியிருக்கிறார்.

தேவனாம்பட்டினம்:
கூடினார்கள், சரி. வேலையை நிறுத்தினார்களா? அன்றைய ரோமில் ஞாயிறு விடுமுறையே கிடையாது. கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதினார். அடிமைகளும் இருந்த சபை அது. எஜமான் எழுவதற்குள் ஆராதனையை முடித்தால்தான் அவர்களால் வர முடியும்.

நான் ஆற்காடு லுத்தரன் சபை, கடலூர்க்காரன். எங்கள் சபை மரபைத் தொடங்கிய லுத்தர், பெரிய ஞானோபதேசம் என்ற தம் போதனை நூலில் ஓய்வுநாள் முதலில் வேலைக்காரர்களும் வேலைக்காரிகளும் இளைப்பாறத்தான் என்கிறார். எந்தக் கிழமை என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. உபாகமம் 5-உம் அதே பக்கம்தான்: உன்னைப்போல உன் வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினை. ஆராதனை முடிந்து நாம் பிரியாணிக் கடைக்குப் போகிறோமே, அங்கே வெங்காயம் உரிக்கிற பையனுக்கு எது ஓய்வுநாள்? அவனைப் பற்றி ஐக்கியத்தில் யாராவது பேசினார்களா?

நெல்லித்தோப்பு:
கத்தோலிக்கர்களான எங்களுக்குச் சனி மாலைப் பூசையே ஞாயிறு பூசைக் கடனுக்குச் சேரும். பிழைப்புக்காக வேலைக்குப் போகிறவரை எங்கள் ஃபாதர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் முத்தியால்பேட்டை அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

முத்தியால்பேட்டை:
நன்றி. தேவனாம்பட்டினத்தார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த நாளாய் இருந்தால் என்ன என்று நாம் விட்டுக்கொடுத்தால் முதலில் குளிர்காய்பவன் முதலாளிதான். அப்பாவுக்குச் செவ்வாய் லீவு, அம்மாவுக்கு வியாழன், பிள்ளைக்கு ஞாயிறு என்றால் அந்த வீடு சேர்ந்து சாப்பிடுவது எப்போது? எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாள் வேண்டும். அதற்குத்தான் ஞாயிறை விடக்கூடாது என்கிறேன்.

தேவனாம்பட்டினம்:
இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை முதலாளியிடம் போய்ச் சொல்லுங்கள். கடை ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்று 1942-லேயே சட்டம் வந்துவிட்டது. தெருவில் துணி விரிக்கிறவருக்கு அதில் எதுவும் இல்லை. அந்தச் சாலையில் பெரிய கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கி ஓய்வெடுப்பதால்தான் வாசலில் அக்காவுக்கு இடமே கிடைக்கிறது.

மஞ்சக்குப்பம்:
ரெண்டு பேரும் கட்டளையில் இருக்கிற கிழமையை வசதியாக மறந்துவிட்டீர்கள்.

நெல்லித்தோப்பு:
ஐக்கியக் கூட்டம் என்றைக்கு நடக்கிறது?

முத்தியால்பேட்டை:
ஞாயிறு பதினோரு மணி.

நெல்லித்தோப்பு:
திங்கள் சாயங்காலம் வைத்துப் பாருங்களேன், கடை போடும் அக்காவும் வருவார்.

முத்தியால்பேட்டை:
செயலாளர் அம்மாவிடம் யார் சொல்வது?