ஸ்பான்சர்ஷிப் தேவையா என்ற கேள்விக்கு என்ன பதில் போடுவது?

கேள்வி | சோதனைக்களம்

பி.இ. பட்டம், மென்பொருள் சோதனையில் 5 ஆண்டு அனுபவம். குறி பிரிட்டன் அல்லது ஜெர்மனி. விண்ணப்பத்தில் "ஸ்பான்சர்ஷிப் தேவையா?", அதாவது வேலை விசாவுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆம் என்று போட்டால் மறுநாளே நிராகரிப்பு வருகிறது. இல்லை என்று போட்டுவிட்டு நேர்காணலில் சொல்லலாமா? விசா தரும் நிறுவனங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுமொழி | கடல்வழி

தயவுசெய்து இல்லை என்று போடாதீர்கள். வேலையில் சேர்ப்பதற்கு முன் உங்களுக்கு அங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று பிரிட்டன் நிறுவனங்கள் கட்டாயம் சரிபார்க்கும். நான்கு சுற்று நேர்காணல் முடிந்து அந்த இடத்தில் ஆஃபர் போய்விடும்.

வடிகட்டலை நீங்களே முதலில் செய்யுங்கள். ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களின் பட்டியல் பிரிட்டன் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி எக்செலில் திறந்து பெயரைத் தேடுங்கள். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் வணிகப் பெயர், பட்டியலில் இருப்பது சட்டப்படி பதிவான பெயர். அது நிறுவனத் தளத்தின் அடிப்பகுதியிலோ தனியுரிமைப் பக்கத்திலோ இருக்கும். பெயர் அகப்பட்டதும் நின்றுவிடாதீர்கள். அதே வரிசையில் விசாப் பிரிவு "ஸ்கில்டு வொர்க்கர்" என்று இருக்க வேண்டும். வேறு பிரிவுக்கு மட்டும் உரிமம் என்றால் உங்களுக்குப் பயன்படாது.

அடுத்தது சம்பளம். 22 ஜூலை 2025 முதல் பொதுவான குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. உங்கள் தொழிலுக்கென்று நிர்ணயித்த சம்பளம் அதைவிட அதிகமானால் அதுதான் கணக்கு. சில சலுகைப் பிரிவுகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பித் தொடங்க வேண்டாம்.

மறுமொழி | வடக்குவாசல்

ஜெர்மனியில் கதையே வேறு. அங்கே ஸ்பான்சர் உரிமம் என்று ஒன்று கிடையாது, எந்த நிறுவனமும் உங்களை எடுக்கலாம். சின்ன நிறுவனங்கள் நடைமுறை தெரியாமல்தான் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தைப் போக்குவது உங்கள் வேலை.

முதலில் அனபின் தளத்தில் (வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ஜெர்மன் தரவுத்தளம்) இரண்டு தேடல்: பல்கலைக்கழகத்துக்கு "எச் பிளஸ்", அதாவது அங்கீகாரக் குறி இருக்கிறதா, உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்று தனியாகப் பதிவாகியிருக்கிறதா. பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு விசா நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கங்களையும் பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள்.

பிறகு ப்ளூ கார்டு, அதாவது திறன்மிக்க வெளிநாட்டவருக்கான வேலை, வசிப்பு அனுமதி. சிவியில் பெயருக்கு நேர் கீழே ஒரே வரி: ப்ளூ கார்டுக்குத் தகுதி உண்டு, பட்டம் அனபினில் அங்கீகாரம் பெற்றது, நோட்டீஸ் காலம் இத்தனை நாள். அதைப் படிக்கிற எச்.ஆருக்குப் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். ஐடி வேலைக்கான ப்ளூ கார்டு சம்பள வரம்பு 2025இல் 43,759.80 யூரோ. ஆண்டுதோறும் மாறும், எனவே சம்பளம் பேசும் முன் அந்த ஆண்டின் எண்ணைப் பாருங்கள்.

அவசரம் என்று நிறுவனம் சொன்னால், அவர்களே வெளிநாட்டவர் அலுவலகத்தில் விரைவு நடைமுறைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 411 யூரோ. இப்படி ஒரு வழி இருப்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சோதனைக்களம்

அனபினில் என் கல்லூரி பெயரே இல்லையே?

வடக்குவாசல்

கல்லூரியைத் தேடாதீர்கள், பட்டச் சான்றிதழில் முத்திரை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். இணைப்புக் கல்லூரி எல்லாவற்றுக்கும் இதுதான். அதுவும் இல்லாவிட்டால் இசட்.ஏ.பி.யிடம் (வெளிநாட்டுக் கல்விக்கான ஜெர்மன் மத்திய அலுவலகம்) பட்ட மதிப்பீடு வாங்க வேண்டும், 208 யூரோ. இன்னொரு கதவும் உண்டு: ஐடி துறையில் கடந்த 7 ஆண்டுக்குள் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலே ப்ளூ கார்டு கேட்கலாம். அனுபவக் கடிதத்தில் பதவியும் தேதியும் மட்டும் போதாது, என்ன வேலை செய்தீர்கள் என்பதும் விவரமாக இருக்கட்டும்.

கடல்வழி

ஒன்று விட்டுப்போனது. விசா விண்ணப்பத்துக்காக நிறுவனம் தரும் பிரிட்டன் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை விற்கிறோம் என்று யாராவது வந்தால் உடனே விலகுங்கள். அது காகிதமே அல்ல, கணினிப் பதிவு; உங்கள் கைக்கு வருவது ஒரு குறிப்பு எண் மட்டும். அதற்கான கட்டணத்தை நிறுவனம் உங்களிடம் வசூலிக்கக் கூடாது. எண் கிடைத்த 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.