புதுப்பிப்பு: வெப்சைட் கொட்டேஷன் அனுப்பியதும் வாடிக்கையாளர் பேச்சை நிறுத்திவிடுவது

வெப்சைட் வடிவமைப்புக்குக் கொட்டேஷன் (விலை விவரம்) அனுப்பினால் வாடிக்கையாளர்கள் கடைசிப் பக்கத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பதிலே போடுவதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது.

மெயிலில் பிடிஎஃப் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன். முதலில் வீடியோ காலில் திரையைப் பகிர்ந்து வரிவரியாக விளக்குகிறேன். பேசி முடித்த கையோடு அதே கோப்பை அனுப்புகிறேன். ‘பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி) இதிலேயே சேர்த்தியா?’ மாதிரி கேள்விகளை மெயிலில் யாரும் கேட்பதில்லை, மனதில் வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். காலில் பேசும்போது அப்போதே கேட்டுவிடுகிறார்கள்.

‘இதில் அடங்காதவை’ என்றொரு பகுதி போடச் சொன்னவருக்குத் தனி நன்றி. டொமைனும் (வெப்சைட்டின் முகவரி) ஹோஸ்டிங்கும் (வெப்சைட்டை வைக்கும் சர்வர் இடம்) ஒருமுறை கட்டி முடிகிற செலவல்ல, காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டியவை. அவற்றை வடிவமைப்புக் கட்டணத்தோடு கலக்காமல் தனியே காட்டியதும் பேரம் வெகுவாகக் குறைந்தது. எழுத்தும் படங்களும் யார் தருவது, எத்தனை முறை திருத்தம் என்பதையும் அங்கேயே எழுதிவிடுகிறேன்.

3 விலைத் திட்டங்கள் கொடுக்கும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. நடுத் திட்டத்தின் விலையிலேயே உயர்ந்த திட்டத்தின் வசதிகளைக் கேட்டார்கள். 30 நாள் வரைதான் இந்த விலை செல்லும் என்ற வரியை மட்டும் எல்லாக் கொட்டேஷனிலும் தொடர்ந்து போடுகிறேன்.