புவெனா விஸ்டாவில் தொடங்கலாமா, கூடாதா? கியூபாவின் சோன் பற்றி ஒரு சண்டை

சோன்பித்தன்:
கியூபா இசையை, அதுவும் அங்கத்து நடனப் பாட்டு வகையான சோனை, எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்னு யார் கேட்டாலும், கண்ணை மூடிக்கிட்டு 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்'னு சொல்லிடறாங்க. நான் அதை மறுக்கிறேன். அது 1996 மார்ச்சில் ஹவானாவின் எக்ரெம் ஸ்டூடியோவில் ஆறு நாளில் பதிவான தட்டு. அப்போ கொம்பாய் செகுந்தோவுக்கு 88 வயசு, ரூபேன் கொன்சாலெஸுக்கு 76, இப்ராஹிம் ஃபெர்ரருக்கு 69. மேதைகள்தான், சந்தேகமே இல்ல. ஆனா கொம்பாய் சாந்தியாகோ பக்கத்துக் கிட்டார் மரபு, ரூபேன் ஹவானா நடன இசைக்குழுப் பியானோ, ஓமாரா போர்துவோந்தோ 1950களின் பெண்கள் நால்வர் குழுவில் பாடி வந்தவர். இந்த மூணும் வேற வேற ஓடை. அதுக்கு மேல தட்டைத் தயாரிச்ச அமெரிக்கர் ராய் கூடரோட ஸ்லைடு கிட்டார் வேற. அசல் சோன் வேணும்னா செக்ஸ்தேத்தோ அபனேரோங்கிற ஆறு பேர் குழுவையும் இக்னாசியோ பின்யெய்ரோவின் ஏழு பேர் குழுவான செப்தேத்தோ நசியோனாலையும் 1920களின் பதிவுகளில் கேளுங்க.

பாஸ்காது:
சோன்பித்தன் அண்ணே, புதுசா வர்றவனை நேரா 1920களின் தட்டுக்கு அனுப்பினா ரெண்டாம் நாளே ஓடிடுவான். அந்தப் பதிவுகளில் பாடகர் கேட்கும், கிட்டார் மாதிரியான திரெஸ் கேட்கும், பாஸ் எங்கேயோ அடியில முனகும். சோன்ல முக்காவாசி விஷயம் பாஸ்லதான் இருக்கு. அதோட பழைய பத்தங்குலத் தட்டுல ஒரு பக்கம் மூணு நிமிஷம்தான். ஒரு வரியைக் கோரஸ் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் இடையில புகுந்து புகுந்து கற்பனையா பாடற மொந்தூனோ பகுதி சூடு பிடிக்கும்போது தட்டு தீர்ந்துடும். நடன அரங்கில் அதுதான் நீளமான பகுதி.

இன்னொண்ணு, அந்த ஸ்டூடியோவிலிருந்து அந்தச் சமயத்தில் வந்தது ஒரு தட்டு இல்ல, மூணு. ஊதுகுழல் கும்பலோட ஆஃப்ரோ கியூபன் ஆல் ஸ்டார்ஸ், ரெண்டே நாளில் முடிஞ்ச ரூபேனின் தனித்தட்டு, அதோட நீங்க திட்டற அந்தத் தட்டு. மூணுலயும் பாஸ் கச்சாயித்தோ லோபெஸ். அவரோட அப்பா ஒரேஸ்தெஸ், சித்தப்பா கச்சாவோ. அந்த வீட்டுல பிறந்த குழந்தைக்குத் தாலாட்டே பாஸ்தான் போல!

மூன்றுஜோடி:
ரெண்டு பேரும் எந்தத் தட்டு உசத்தின்னு அடிச்சுக்கறீங்க. எப்படிக் கேட்கணும்னு யாருமே சொல்லல. பதினாறு இடம் வரைஞ்சுக்கோங்க. எட்டு எட்டா ரெண்டு வட்டம். காலால தட்டுற இடங்கள் ஒவ்வொரு வட்டத்திலும் 1, 3, 5, 7. ● இருக்கிற இடத்தில் அடி. கிளாவேன்னா ரெண்டு குச்சியை மோதித் தட்டுற அஞ்சடித் தாளம்.

கிளாவே: ● ○ ○ ● ○ ○ ● ○ | ○ ○ ● ○ ● ○ ○ ○
பாஸ்: ○ ○ ○ ● ○ ○ ● ○ | ○ ○ ○ ● ○ ○ ● ○
மணி: ● ○ ○ ○ ● ○ ○ ○ | ● ○ ○ ○ ● ○ ○ ○

பாஸ் வரியைப் பாருங்க, முதல் இடத்தில் அடியே இல்ல. ஏழாம் இடத்தில் மீட்டின சுரம்தான் அடுத்த வட்டத்தின் ஒண்ணைத் தாண்டி ஒலிச்சுக்கிட்டே நிற்குது. அதுவும் அடுத்த வட்டத்துக் கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டின், சுரம். புதுக் காது அதைத்தான் 'ஒண்ணு'ன்னு பிடிச்சுக்கும். போங்கோங்கிற ஜோடி மேளத்தின் பெரிய பக்கமும் ஏழில்தான் விழும், அதனால ஏமாறறது இன்னும் சுலபம். ஏமாந்துட்டோமான்னு கண்டுபிடிக்க வழி இருக்கு: மொந்தூனோவில் போங்கோக்காரர் போங்கோவைக் கீழே வெச்சுட்டு மணியை எடுப்பார். மணியின் வாய்ப்பக்க அடி உங்களுக்கு ரெண்டாவது, நாலாவது கால்தட்டில் விழறதா, ராக் பாட்டு டிரம் மாதிரி கேட்டா, நீங்க ஒரு கால்தட்டு தள்ளி எண்றீங்க. பாட்டை நிறுத்தி, மணியை முதல், மூணாவது கால்தட்டில் (1, 5 இடங்களில்) வெச்சு மறுபடி எண்ணுங்க.

முதல் வட்டத்தில் பாஸ் கிளாவேயோட ரெண்டாம், மூணாம் அடியைக் கட்டிப்பிடிக்குது. ரெண்டாம் வட்டத்தில் ரெண்டும் தொடறதே இல்ல. அந்த ஒட்டலும் விலகலும்தான் சோன்.

தாளம்தவறியவன்:
ஆனா பாட்டு நடுவுல கிளாவே தலைகீழா மாறுதே? மூணடிப் பக்கம் முதல்ல வர்ற 3-2 போயி, ரெண்டடிப் பக்கம் முதல்ல வர்ற 2-3 ஆகுது. அப்புறம் இந்த வரைபடம் எதுக்கு?

மூன்றுஜோடி:
கிளாவே மாறாது. குச்சி வெச்சிருக்கிறவர் ஆரம்பிச்ச மாதிரியே கடைசி வரை போவார். மாறறது பாட்டு வரி. ஒரு பத்தி ஒற்றைப்படை வட்டத்தில் முடிஞ்சா, அடுத்த வரி கிளாவேயின் ரெண்டடிப் பக்கத்திலிருந்து கிளம்பும், அவ்வளவுதான். ஐந்து தட்டு தட்டிட்டு, பாடகர் வரும்போது பயந்துபோய்க் கையை மாத்தினா, மொத்தக் குழுவும் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

குச்சி பிடிக்கிறதும் ஒரு வேலைதான். அடி வாங்குற குச்சியை விரல் நுனியில் மேலாக வெச்சு, உள்ளங்கையைக் குழிச்சு அடியில் காற்றறை விடணும். இறுக்கிப் பிடிச்சா 'டொக்'னு செத்துப்போகும். இன்னொரு குச்சியால் நடுவில் தட்டணும்.

சோன்பித்தன்:
ஏழாம் இடம் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா அந்தப் பாடத்துக்கும் நான் திரெஸ் கலைஞர் ஆர்சேனியோ ரொட்ரிகெஸைத்தான் தருவேன். 1911-ல் மத்தான்சாஸ் மாகாணத்தில் பிறந்தவர், சின்ன வயசிலேயே பார்வை போனவர். 1940வாக்கில் செப்தேத்தோவோட ஒற்றை டிரம்பெட்டைப் பெருக்கி, பியானோவும் கொங்கா மேளமும் சேர்த்துக் 'கொன்ஹுந்தோ' ஆக்கினார். கடைசியில் டிரம்பெட்டுகள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கிட்டே போற 'தியாப்லோ' பகுதி அவர் குழுவோட முத்திரை. புவெனா விஸ்டாவில் அந்த அடுக்கு எங்கே?

பாஸ்காது:
அண்ணே, உங்க வலையில நீங்களே விழுந்தீங்க. 1940களில் அந்த ஆர்சேனியோ குழுவில் பியானோ வாசிச்சது யாரு? இதே ரூபேன் கொன்சாலெஸ்! அவருக்குப் பிறகு லிலி மார்தினெஸ். 1996-ல் ரூபேன் இடது கையை அடக்கி, வலது கையில் குழு இல்லாத இடத்தையும் நிரப்பறதைக் கேளுங்க. அது அங்க கத்துக்கிட்டதுதான்.

சோன்பித்தன்:
பாயிண்ட் உங்களுக்கு. ஆனா கொன்ஹுந்தோ வந்ததும் ஒண்ணு போச்சு: திரெஸ். பியானோவும் டிரம்பெட்டும் முழங்கும்போது ஆறு கம்பி எம்மாத்திரம்? ஆர்சேனியோ மேதை, அதனால அவர் தனியா வாசிக்கும்போது அது தலை தூக்கும். மத்தவங்க பல பேர் திரெஸையே விட்டுட்டாங்க.

மூன்றுஜோடி:
திரெஸ்னா மூணு ஜோடிக் கம்பி, மொத்தம் ஆறு. சுருதி ஸோல், தோ, மி (மேற்கத்திய சுரப் பேர்கள்). ஸோல் ஜோடியில் ஒண்ணு மேல் ஸ்தாயி, ஒண்ணு கீழ். தோ ஜோடி ஒரே சுருதி. மி ஜோடியைச் சிலர் ஸ்தாயி பிரிச்சும் சிலர் ஒரே சுருதியிலும் வைப்பாங்க. ஸோல் ஜோடி ரெண்டையும் ஒரே சுருதியில் கட்டிட்டு, 'ஏன் அந்தக் கணீர் வரல'ன்னு கேட்கிறவங்க நிறைய. ஸ்தாயி பிரியலன்னா அது வெறும் ஓட்டைக் கிட்டார்.

ஆனா திரெஸ் இல்லாட்டி சோன் இல்லைன்னும் சொல்லாதீங்க. சாந்தியாகோவில் 1925-ல் கூடின மத்தமோரோஸ் மூவர் ரெண்டு கிட்டாரோட சமாளிச்சவங்க. கொம்பாயும் அவங்க பள்ளிக்கூடத்துக்காரர்தான். கிட்டாருக்கும் திரெஸுக்கும் நடுவில ஏழு கம்பியோட 'ஆர்மோனிகோ'ன்னு ஒண்ணை அவரே உருவாக்கிக்கிட்டார்.

சோன்பித்தன்:
சரி, ஒரு வாரத் திட்டம்: முதல்ல ரூபேனின் தனித்தட்டு, பாஸ் மட்டும் கேட்க. அடுத்து ஆர்சேனியோவின் 1940கள், மணி பிடிக்க. கடைசியா செக்ஸ்தேத்தோ அபனேரோ, காது பாஸைத் தானே நிரப்பிக்கும். ஆனா கூடரோட ஸ்லைடு கிட்டாரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

பாஸ்காது:
மன்னிக்க வேணாம். அது வரும்போது கச்சாயித்தோவைக் கேளுங்க, ஏழாம் இடத்துல நிற்பார்.